கீறல் விழுந்த பிறகு: நறுக்கும் பலகையைத் தேர்ந்தெடுப்பது பற்றி

கடையில் அடுக்கி வைத்திருக்கும் நிலையில் எல்லா நறுக்கும் பலகைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். மரமோ, பிளாஸ்டிக்கோ, மூங்கிலோ, வழுவழுப்பான புதிய மேற்பரப்பை ஒருமுறை சோப்பு நீரில் தேய்த்துக் கழுவினால் அழுக்கும் போய்விடும், கிருமியும் பெரும்பாலும் போய்விடும். கத்தி அதன் மேல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. கத்தி ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய கோட்டை விட்டுச் செல்கிறது. அந்தக் கோடுகளில் ஈரமும் உணவுத் துணுக்கும் தங்குகின்றன. பலகையின் பாதுகாப்பும் ஆயுளும் அந்தக் கோடுகளைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே ஒரு பலகையைக் கையில் எடுத்தவுடன் அதன் பளபளப்பைக் கடந்து நான் யோசிப்பது இதைத்தான்: ஓராண்டு உழைத்து மேனியெங்கும் கீறல் விழுந்த பிறகு இது எப்படி இருக்கும், அந்த நிலையில் இதைச் சுத்தமாகக் கழுவ முடியுமா, விரைவில் காயுமா, தேய்த்துப் புதுப்பிக்க முடியுமா?

மரப்பலகை கிருமிகளின் கூடாரம், பிளாஸ்டிக் பலகையே சுகாதாரமானது என்ற எண்ணம் பல பத்தாண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. மரத்தில் நுண்துளைகள் உண்டு, அது நீரை உறிஞ்சும், எனவே கிருமிகளையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்ற தர்க்கம் கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். அதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் டீன் கிளைவர் என்ற அமெரிக்க உணவு நுண்ணுயிரியல் அறிஞர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலும் பணியாற்றியவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் இந்தச் சோதனைகளைத் தொடங்கியபோது அவர்களுடைய நோக்கம் மரத்துக்காக வாதாடுவதாக இருக்கவில்லை. மரப்பலகையைப் பிளாஸ்டிக்குக்கு இணையாகப் பாதுகாப்பானதாக்க என்ன வழி என்று கண்டறியவே அவர்கள் முனைந்தார்கள். ஆனால் 1994இல் 'ஜர்னல் ஆஃப் ஃபுட் புரொடெக்ஷன்' இதழில் வெளியான அவர்களுடைய முடிவுகள் வேறு திசையைக் காட்டின. மரத்தின் மேல் விடப்பட்ட பாக்டீரியாக்கள் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்பட்டன; அங்கே அவை பெருகவில்லை; மரம் உலர உலரப் படிப்படியாக மடிந்தன. புதிய பிளாஸ்டிக் பலகையைக் கழுவுவது எளிதாகவே இருந்தது. கத்திக்கீறல்கள் நிறைந்த பிளாஸ்டிக்கையோ, அதிலும் கோழிக் கொழுப்பு படிந்திருந்தபோது, கையால் தேய்த்துக் கழுவிக் கிருமி நீக்குவது மிகவும் கடினமாக இருந்தது.

இந்த முடிவைப் படித்துவிட்டு மரமே கிருமிநாசினி என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள்; அது மிகை. உள்ளே போன பாக்டீரியா உடனே சாவதில்லை, அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் முழுவதும் பலகை உலர்ந்துகொண்டிருக்க வேண்டும். எப்போதும் ஈரமாகவே கிடக்கும் மரப்பலகைக்கு இந்த நன்மை கிடைக்காது, பூஞ்சைதான் கிடைக்கும். மேலும் பச்சை இறைச்சி நறுக்கிய கையோடு அதே பலகையில் பழம் நறுக்கினால், உறிஞ்சப்படுவதற்கு முன்பே கிருமி பழத்துக்கு மாறிவிடும். ஆய்வு சொல்வதன் சாரம், மரமும் பிளாஸ்டிக்கும் பழசான பிறகு வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதே. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவும் வீட்டுச் சமையலறையில் இரண்டையுமே ஏற்கிறது. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் உணவகங்களுக்கு வகுத்திருக்கும் மாதிரி விதித்தொகுப்பும் கடின மேப்பிளையும் அதற்கு இணையான, நெருக்கமான இழையமைப்புக் கொண்ட மரங்களையும் நறுக்கும் பலகைக்கு அனுமதிக்கிறது.

முதலில் பிளாஸ்டிக்கை முடித்துவிடுகிறேன். நல்ல பிளாஸ்டிக் பலகைகள் இரண்டு வகைப் பொருட்களில் வருகின்றன: உயரடர்த்தி பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன். முன்னது சற்று மென்மையானது, கத்திக்கு இதமானது. பின்னது கடினமானது, வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்குவது, ஆனால் அதன் மேல் கத்தி வழுக்குவது போன்ற உணர்வு இருக்கும். இரண்டையுமே பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்பதுதான் பிளாஸ்டிக்கின் மிகப் பெரிய பலம். கையால் தேய்த்து எடுக்க முடியாததை அந்த இயந்திரத்தின் வெந்நீரும் அலசலும் எடுத்துவிடுகின்றன. மெல்லிய பலகை அந்தச் சூட்டில் நெளிந்துபோகும்; எனவே ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கனம் வேண்டும். வளைத்துச் சுருட்டக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளை நான் பலகை என்றே கணக்கில் எடுப்பதில்லை.

பிளாஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் அங்கிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து போனதற்கான அடையாளம். பெயர்ந்தது எங்கே போகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு 2023இல் 'என்விரான்மென்டல் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி' இதழில் வெளியானது. நறுக்கும்போது உதிரும் நுண்பிளாஸ்டிக்கின் அளவு பலகையின் பொருளையும் நறுக்குபவரின் பழக்கத்தையும் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது என்றும், பாலிஎத்திலீன் பலகையைப் பயன்படுத்தும் ஒருவருக்கு ஆண்டுக்கு 7.4 முதல் 50.7 கிராம் வரை ஆகலாம் என்றும் அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இதே ஆய்வில் சோதிக்கப்பட்ட எலிச் செல்களில் 72 மணி நேரத்தில் குறிப்பிடத்தக்க நச்சு விளைவு தென்படவில்லை என்பதையும், மரப்பலகையிலிருந்தும் துகள்கள் ஏராளமாக உதிர்ந்தன என்பதையும் பரபரப்பான தலைப்புகள் பெரும்பாலும் விட்டுவிட்டன. உதிரும் மரத்தூள் பிளாஸ்டிக்கைப் போல நீண்ட காலம் சிதையாமல் கிடக்கும் பொருள் அன்று என்பதால் இரண்டையும் நான் ஒரே தட்டில் வைப்பதில்லை; அதே வேளையில் பிளாஸ்டிக் பலகை வைத்திருப்பவர் பீதியடைய வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பிளாஸ்டிக்கைத் தேய்ந்து தீரும் பொருளாகக் கருதி, கீறல் ஆழமானதும் மாற்றிவிடுபவருக்கு அது பொருத்தமானது. பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு அது ஏற்றதன்று.

மரம் என்று வரும்போது கேள்விகள் கூடுகின்றன. எந்த மரம், எப்படி அறுத்தது, எப்படி ஒட்டியது என்ற மூன்றும் விலைச்சீட்டில் இருக்காது. பலகையைத் திருப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்தின் கடினத்தை அளக்க ஜாங்கா அளவீடு என்று ஒன்று உண்டு: 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி புதையும் வரை மரத்தில் அழுத்துவதற்கு எவ்வளவு விசை தேவை என்பதே அந்த எண். பவுண்டு விசையில் கடின மேப்பிளுக்கு அது சுமார் 1450. கறுப்பு வால்நட்டுக்கு 1010. கறுப்பு செர்ரிக்கு 950. தேக்குக்கு ஏறத்தாழ 1000 முதல் 1100 வரை. நறுக்கும் பலகைக்கு இந்த 950க்கும் 1450க்கும் இடைப்பட்ட பகுதிதான் ஏற்றது. அதைவிட மென்மையான மரத்தில் கீறல் எளிதில் ஆழமாகும், கத்தி பள்ளம் பறிக்கும். 3500ஐத் தொடும் ஈப்பே போன்ற இரும்பு மரங்களில் பலகை தப்பிவிடும், கத்தியின் கூர் போய்விடும். பலகை நெடுநாள் உழைக்க வேண்டும் என்ற ஆசையில் இருப்பதிலேயே கடினமானதை வாங்குபவர், மிச்சப்படுத்தியதைக் கத்திக்குச் சாணை பிடிப்பதில் செலவழிப்பார்.

கடினத்துக்கு அடுத்தது துளை. சிவப்பு ஓக் மரத்தின் நாளங்கள் எவ்வளவு திறந்தவை என்றால், சிறு துண்டொன்றின் ஒரு முனையை நீரில் முக்கி மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் குமிழி வரும். அப்படிப்பட்ட மரம் நாற்காலிக்கு நல்லது. பச்சை இறைச்சியின் நீர் வடியும் பலகைக்கு ஆகாது. மேப்பிள், செர்ரி, பீச் போன்றவற்றின் துளைகள் மிக நுண்ணியவை. தேக்கு சற்றே சிக்கலான கணக்கு: அதிலுள்ள இயற்கையான எண்ணெய்ப்பசை நீரை எதிர்க்கிறது, எனவே மற்ற மரங்களைப் போல அது எளிதில் நெளிவதில்லை, ஆனால் அதே மரத்தில் மணலில் உள்ள கடினப் பொருளான சிலிக்கா கலந்திருப்பதால் கத்தியின் கூர் சற்று விரைவாக மழுங்கும். ஈரம் மிகுந்த சமையலறையில் கவனிப்புக் குறைவாகத்தான் இருக்கும் என்று தெரிந்தால், கத்தியை அடிக்கடி தீட்ட ஒப்புக்கொண்டு தேக்கை எடுப்பேன். ரப்பர் மரம் விலையில் எளிது, கடினமும் போதும், ஆனால் ஈரத்தில் பூஞ்சைக் கறை பிடிக்கும் சுபாவம் அதற்கு உண்டு. சலுகை விலையில் பாரம் ஏற்றும் பழைய மரத்தட்டுகளைப் பிரித்துப் பலகை செய்து தரும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது; அந்தத் தட்டுகள் சிலவற்றில் எம்.பி. (MB) என்ற முத்திரை இருக்கும், அது மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பூச்சி நீக்கியதைக் குறிப்பது. எச்.டி. (HT) என்ற முத்திரை வெப்பத்தால் பதப்படுத்தியதைக் குறித்தாலும், அந்தத் தட்டின் மேல் என்னென்ன சிந்தியது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. உணவு படும் பலகைக்கு வரலாறு தெரியாத மரம் வேண்டாம்.

இனி அறுப்பு. பெரும்பாலான மரப்பலகைகளில் மரத்தின் இழைகள் பலகையின் நீளவாக்கில் படுத்திருக்கும். கத்தி அந்த இழைகளைக் குறுக்காக வெட்டும். வெட்டுப்பட்ட இழை மீண்டும் கூடாது. இன்னொரு வகையில் மரத்தைச் சிறு கட்டைகளாக அறுத்து, வெட்டுமுகம் மேலே தெரியும்படி நிமிர்த்தி ஒட்டியிருப்பார்கள்; மேற்பரப்பு சதுரங்கப் பலகையின் கட்டங்களைக் கொண்டிருந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. ஈர்க்குக்கட்டு ஒன்றை நிமிர்த்திப் பிடித்து அதன் தலைப்பில் கத்தியை அழுத்தினால் ஈர்க்குகள் விலகி இடம் கொடுத்துப் பின்பு கூடிக்கொள்வதைப் போல, இந்தப் பலகையின் இழைகளும் கத்திக்கு விலகி மீண்டும் நெருங்குகின்றன. கீறல் குறைவாகத் தெரியும், கத்தியின் கூரும் நீடிக்கும். கீறலை வைத்து மட்டும் மதிப்பிட்டால் இதை வெல்ல வேறு பலகை இல்லை.

இருந்தும் எல்லா வீட்டுக்கும் இதையே வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிமிர்ந்த இழை நீரையும் வேகமாகக் குடிக்கும், எனவே அதைக் காக்கப் பூசும் எண்ணெய் கூடுதலாக வேண்டும். ஒட்டுகள் மிகுதி, ஆகவே வாய் பிளக்கக்கூடிய இடங்களும் மிகுதி. வலுவுக்காகக் குறைந்தது நான்கு சென்டிமீட்டர் கனமாவது வேண்டும். 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் கனமும் உள்ள மேப்பிள் பலகை ஏறக்குறைய 3.8 கிலோ எடை வரும். தொட்டிக்குத் தூக்கிச் செல்லச் சிரமமாக இருக்கும் பலகையை ஒவ்வொரு வேளையும் யாரும் கழுவப்போவதில்லை. ஈரத்துணியால் ஒரு துடைப்போடு நின்றுவிடும். மேடையிலேயே நிலையாக வைத்துக்கொள்ள இடமும், முறையாகப் பராமரிக்கப் பொறுமையும் உள்ளவருக்கு அது தக்கது. மற்றவர்களுக்கு, இரண்டு அல்லது இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள, நீளவாக்கு இழை கொண்ட பலகையே போதும். அதில் விழும் கீறலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட முடியும் என்பதால் குறை ஒன்றும் பெரிதில்லை.

மரப்பலகைகள் நெளிவதற்குக் காரணம் பெரும்பாலும் மரத்தின் தரத்தைவிட அதை நனைக்கும் விதத்தில் இருக்கிறது. மரம் ஈரத்தில் நீளவாக்கில் ஏறக்குறைய நீள்வதே இல்லை; அகலத்தில்தான் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் இந்த அசைவு, வளையங்களுக்குக் குறுக்கான திசையில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பலகையின் குறுகிய விளிம்பைப் பார்த்தால் வளையங்கள் தெரியும்: அவை விளிம்பில் நிமிர்ந்த கோடுகளாக இருந்தால் பலகை தட்டையாகவே இருக்கும் வாய்ப்பு அதிகம்; வில்லாக வளைந்திருந்தால் பின்னாளில் பலகையும் வளையக்கூடும். ஒரே அகலமான துண்டால் ஆன பலகை பார்க்க அழகு, ஆனால் சில பட்டைகளை ஒட்டிச் செய்தது நெளிவைத் தாங்குவதில் மேல். வாங்கிய பிறகு நம் கையில் இருப்பது ஒன்றே: ஒரு பக்கத்தை மட்டும் நனைக்காமல் இரு பக்கமும் கழுவி, துடைத்து, காற்றுப் படும்படி விளிம்பில் நிறுத்திக் காயவைப்பது. ஈரத்தோடு மேடையில் படுக்கவைத்தால் மேல்பக்கம் உலர்ந்து சுருங்க, அடிப்பக்கம் உப்பி நிற்க, பலகை கிண்ணமாகிவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மரத்தைப் போடவே கூடாது.

மூங்கில் மரமன்று, புல்வகை. மெல்லிய பட்டைகளாகச் சீவி ஒட்டித்தான் அதைப் பலகையாக்க முடியும் என்பதால் அதன் ஆயுள் மூங்கிலைவிடப் பசையையே நம்பியிருக்கிறது. மலிவான பசைகளில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வேதிப்பொருள் சார்ந்த பிசின்கள் இருக்கலாம். பசை உணவுப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தெளிவாகக் குறிப்பிடாத மூங்கில் பலகையை வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. மூங்கிலிலும் சிலிக்கா உண்டு, கத்திக்குக் கடுமையானது. எடை குறைவு, விலை குறைவு என்ற இரண்டும் அதன் பக்கம் நிற்பவை.

கண்ணாடி, கருங்கல், உலோகம் ஆகியவற்றில் நறுக்குவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கீறல் விழாது என்பது உண்மைதான். விழ வேண்டிய சேதம் கத்தியின் மேல் விழும், அதோடு மழுங்கிய கத்தி வழுக்கி விரலைப் பதம் பார்க்கும். சமீப காலமாக டைட்டானியம் பலகைகளின் விளம்பரம் எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிறது. டைட்டானியம் கடினமாக்கிய கத்தி எஃகைவிட மென்மையானது, ஆகவே கத்திக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். மயிரிழை போன்ற கூரின் நுனி மடங்குவதற்கு எஃகைவிடக் கடினமான பொருள் தேவையில்லை, விட்டுக்கொடுக்காத பொருளே போதும் என்பதை அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை. கிருமிகளைக் கொல்லும் பூச்சு என்ற முத்திரையையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி, அத்தகைய வேதிப்பொருள் கலந்த பொருட்களைப் பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்யாமல் விற்பவர்கள், அந்தப் பூச்சு பலகையைக் கறையிலிருந்தும் நாற்றத்திலிருந்தும் காக்கும் என்று சொல்லலாமே தவிர, நறுக்குபவரை நோயிலிருந்து காக்கும் என்று சொல்லக் கூடாது. காகிதத்தைப் பிசினில் அழுத்திச் செய்யும் பலகைகளும், தொழில்முறைச் சமையற்காரர்கள் விரும்பும் செயற்கை ரப்பர் பலகைகளும் இன்னும் இரண்டு தேர்வுகள். முன்னவை மெல்லியவை, சூட்டைத் தாங்குபவை, கத்திக்குச் சற்றுக் கடினமானவை. பின்னவை கத்திக்கு மிக இதமானவை, ஆனால் எடை மிக்கவை, சூடான பாத்திரத்தை வைத்தால் தழும்பு விழும்.

அளவைப் பொறுத்தவரை, கத்தியின் அலகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் பலகைக்கு இருந்தால் நறுக்கியதை ஓரமாகத் தள்ளி வைக்க இடம் கிடைக்கும். வாங்குவதற்கு முன் கழுவும் தொட்டியை அளந்துகொள்ளுங்கள். அடியில் ரப்பர் கால் வைத்த பலகை நழுவாது, ஆனால் ஒரு பக்கத்தைத்தான் பயன்படுத்த முடியும். கால் இல்லாத பலகைக்குக் கீழே ஈரத்துணியை விரித்தால் அதுவும் நழுவாது, இரு பக்கமும் உழைக்கும். நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனென்றால் கீறல்கள் இரு பக்கமும் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன.

வீட்டில் இரண்டு பலகைகளாவது வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் ஒன்று, காய், பழம், ரொட்டி போன்று சமைக்காமலோ சமைத்த பிறகோ நேரே வாய்க்குப் போகும் பொருட்களுக்கு ஒன்று. உணவு வழியே நோய் தரும் பாக்டீரியாக்களான சால்மொனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் பலகையின் பொருள் எது என்று பார்த்துப் பரவுவதில்லை. ஒரு பலகையிலிருந்து சமைக்காத உணவுக்கு மாறும் வாய்ப்பைத்தான் அவை பயன்படுத்திக்கொள்கின்றன. இரண்டும் தூரத்திலிருந்தே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதால், இறைச்சிக்கு நிறமுள்ள பிளாஸ்டிக்கும் மற்றவற்றுக்கு மரமும் என்று பிரித்துக்கொள்வது வசதியான ஏற்பாடு. இறைச்சியே சமைக்காத வீட்டிலும் வெங்காயம், பூண்டின் வாடை பழத்தில் ஏறாமல் இருக்க இரண்டு பலகை உதவும்.

இறைச்சிப் பலகையைச் சூடான சோப்பு நீரில் தேய்த்து அலசிய பிறகு கிருமி நீக்க விரும்பினால், அமெரிக்க வேளாண் துறை பரிந்துரைக்கும் கலவை எளியது: மணமூட்டாத குளோரின் பிளீச் ஒரு மேசைக்கரண்டி, நீர் ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைப் பலகையில் ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டு, அலசி, காயவைக்க வேண்டும். பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு வெளிவரும். வாடையைப் போக்க எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்ப்பது நல்ல வழி, ஆனால் அது தனியாக, வேறொரு வேளையில்.

மரத்துக்கு எண்ணெய் பூசுவது அழகுக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. எண்ணெய் நுண்துளைகளை நிரப்பி நீர் புகும் வேகத்தைக் குறைக்கிறது. நீர் மெதுவாகப் புகுந்தால் மரம் மெதுவாக அசையும். மெதுவாக அசையும் மரம் எளிதில் விரிசல் விடாது. உணவுத் தரமுள்ள மினரல் ஆயில் கெட்டுப்போவதில்லை, மணமும் இல்லை. பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் மரத்துக்குள்ளேயே சிக்கு வாடை பிடித்துவிடும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகிப் படலமாகும் என்பதால் அதைப் பூசலாம், இறுகச் சில வாரங்கள் விட வேண்டும். ஆனால் பெயிண்ட் கடையில் 'காய்ச்சிய' ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் விரைவாக உலர உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது உணவுக்கு உரியதன்று. வால்நட் எண்ணெயும் இறுகும். கொட்டை வகை ஒவ்வாமை உள்ளவர் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்க்கலாம். பலகையின் மேல் நீரைத் தெளித்துப் பாருங்கள்: முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் போதுமான அளவில் இருக்கிறது, பரவி உள்ளே இறங்கினால் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரவு பூசி ஊறவிட்டுக் காலையில் துடைத்தெடுப்பது போதும். வார்னிஷ் பூசிய பலகையில் நறுக்கினால் அந்தப் படலமே உரிந்து உணவில் கலக்கும்; அதைப் பரிமாறும் தட்டாக வைத்துக்கொள்ளலாம்.

எப்போது மாற்றுவது என்பதற்கு நாட்காட்டி உதவாது. விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டினால் ஆழமாகச் சிக்கும் கீறல்கள் பிளாஸ்டிக்கில் பெருகி, தேய்த்த பிறகும் கறை கோடுகளில் நின்றால் அதைத் தூக்கிப் போட வேண்டும். மரத்தில் அதே நிலை வந்தால் 80, 120, 220 என்று படிப்படியாக மென்மையாகும் உப்புத்தாள்களால் தேய்த்து, நனைத்து எழும்பும் இழையை மீண்டும் தேய்த்து, எண்ணெய் பூசினால் பலகை திரும்பக் கிடைக்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் தச்சரிடம் கொடுத்து இழைப்புளியால் ஒரு பரப்பை எடுத்துவிடலாம். ஒட்டு விட்டுப்போய் வெளிச்சம் தெரியும் பிளவையோ, தேய்த்தும் போகாமல் உள்ளே இறங்கிவிட்ட கறுப்புப் பூஞ்சையையோ இப்படிச் சரிசெய்ய முடியாது. அந்தப் பிளவை மரத்தூளும் பசையும் கொண்டு அடைத்து விற்கும் பழைய பலகைகளும் சந்தையில் உண்டு. விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அடைத்த இடம் நிறம் மாறித் தெரியும்.